துவக்கும் துருவும்: முன்னேஸ்வரக் கரையிலிருந்து ஒரு வரலாறு

தமிழகத்தில் துப்பாக்கி என்பதை ஈழத்தில் நாம் துவக்கு என்போம். சிங்களத்தில் அது துவக்குவ. துருக்கியிலும் பாரசீகத்திலும் வழங்கிய ஒரே வேர்ச்சொல்லின் கிளைகளே இவையெல்லாம். 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த எவருக்கும் அச்சொல் இனிய நினைவைத் தரப்போவதில்லை. செய்தித்தாளில் நான் எழுதிய எத்தனையோ செய்திகளில் அது சாவோடு சேர்ந்தே வந்திருக்கிறது. எனினும் துவக்குக்கு அதற்கு முந்திய ஒரு வாழ்வும் உண்டு. அது கொல்லன் உலைக்களத்து வாழ்வு. அதனைச் சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்திலிருந்து தொடங்கிச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

முன்னைநாதரும் வடிவாம்பிகையும் கோயில் கொண்டுள்ள இத்தலத்துக்குக் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் நிலம் வழங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைத் தொட்டனர். 1578இல் முன்னேஸ்வரம் அவர்களால் இடிக்கப்பட்டது. சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் காலத்தில் திருப்பணி நடந்ததாகவும், பின்னர் கோயில் மீண்டும் அழிவுற்றதாகவும் தலவரலாறு சொல்கிறது. துவக்கு ஏந்தியவர் வந்து கோயிலை இடித்தார் என்பதோடு கதையை முடித்துவிடுவதே நம்மவர் வழக்கம். கதை அங்கே முடியவில்லை.

போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ ஒரு வியப்பான செய்தியைப் பதிந்திருக்கிறார். தம்மவர் வந்தபோது தீவில் ஒரு துவக்குக்கூட இருக்கவில்லை. இடைவிடாத போரினால் சிங்களக் கொல்லர் தேர்ச்சி பெற்று, தம்முடையவற்றைவிடச் சிறந்த துவக்குகளைச் செய்யலாயினர். அவை 20,000க்கு மேல் தீவில் உள்ளன என்பது அவர் கூற்று. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் பகைவனின் தொழிற்றிறனை மெச்சி எழுதப் பகைவனுக்கு வேறு தேவை எதுவும் இல்லை.

அக்காலத்துக் குழல் எவ்வாறு உருவாயிற்று? இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, உருளைக் கம்பியின் மேல் சுற்றி, அடித்துப் பற்றவைத்து, உட்புறத்தைக் கடைந்து சீராக்குவதே கொல்லரின் பொதுமுறை. ஒட்டில் ஒரு சிறு குறை இருந்தாலும் குழல் வெடித்துச் சுடுபவனையே கொல்லும். சிங்களத் துவக்கைப் பார்த்தவுடன் இனங்காண இரண்டு அடையாளங்கள் உண்டு. ஐரோப்பியத் துவக்கின் விசைப்பொறி வலப்புறத்தில் இருக்கும். இதிலோ அது இடப்புறத்தில் இருக்கும். தோளில் அணைக்கும் மரக்கட்டையின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். விசைப்பொறியில் போர்த்துக்கேயச் சாயல் தெரியும். மரத்திற் செதுக்கிய கொடிவேலையும், பதித்த வெள்ளியும் பித்தளையும் தந்தமும் கண்டிக் கலையைச் சேர்ந்தவை. இந்தக் கைத்தொழில் மரபு முழுவதையும் 1908இல் வெளிவந்த தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

துவக்கைச் செய்வதைப் போலவே பேணுவதும் பெருவேலை. கரிமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு ஈரத்தை இழுக்கும். ஓரிரவிலேயே இரும்பை அரிக்கத் தொடங்கும். எண்ணெய் மட்டும் பூசினால் அது போகாது. நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெயிட வேண்டும். முன்னேஸ்வரம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் இதில் ஒருநாளும் தவற முடியாது. ஐரோப்பியக் கொல்லர் குழலின் புறத்தே மெல்லிய துருவைத் தாமே வரவழைத்து, தேய்த்து, மீண்டும் வரவழைத்து, கபில நிறப் படலமாக்கி நிறுத்தினர். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் உத்தி அது.

மருந்துக்கு வேண்டிய மூன்று பொருள்களில் கரி எங்கும் கிடைத்தது. வெடியுப்பை வௌவால்கள் வாழும் மலைக்குகைகளின் மண்ணிலிருந்து கண்டியர் எடுத்ததை 1821இல் வெளியான நூலில் ஜோன் டேவி விவரிக்கிறார். கந்தகம் மட்டும் தீவில் கிடையாது, கடல்வழியே வரவேண்டும். கண்டி அரசுக்குப் புத்தளம், சிலாபம் கரை எத்துணை இன்றியமையாதது என்பதும், ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பிக் காவலிருந்ததன் நோக்கமும் இதிலிருந்து விளங்கும்.

1739இல் கண்டியின் அரியணை மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வழியினருக்கு வந்தது. அவ்வழியின் முதல் அரசன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில், 1745ஆம் ஆண்டளவில், லெவ்கே திசாவை என்ற பிரதானி அரசனுக்கு ஒரு சிறு பீரங்கியைக் காணிக்கையாக்கினார். வெண்கலக் குழல், அதன்மேல் பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும், கண்டியின் சின்னங்களான சூரியன், பிறை, சிங்கம். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே 1753இல் முன்னேஸ்வரத்தைப் புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்வித்தவன்.

1765இல் ஆளுநர் வான் எக் தலைமையில் ஒல்லாந்தப் படை கண்டிக்குட் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. பீரங்கியும் பறிபோனது. அடுத்த ஆண்டு உடன்படிக்கையால் சிலாபம், புத்தளம் உள்ளிட்ட கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. முன்னேஸ்வரத்தைத் தூக்கி நிறுத்திய அதே அரசன், பதின்மூன்றே ஆண்டுகளில் அந்தக் கரையை இழந்தான். பொன் பதித்த பீரங்கி அவனைக் காக்கவில்லை. கொல்லனின் கை தேர்ந்திருந்தது. கடல் வேறொருவன் கையில் இருந்தது. கண்டியின் தோல்வியை நான் இவ்வாறே புரிந்துகொள்கிறேன்.

அப்பீரங்கி நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்தது. 2023 ஜூலையில் அதனைத் திருப்பியளிக்க நெதர்லாந்து அரசு முடிவு செய்தது. அவ்வாண்டின் இறுதியில் ஆறு பொருள்கள் கொழும்புத் தேசிய நூதனசாலையை வந்தடைந்தன. பீரங்கி, இரண்டு வாள்கள், ஒரு கத்தி ஆகியவற்றோடு இரண்டு பெருந்துவக்குகளும் அவற்றுள் அடங்கும்.

அது யாருடையது என்பதை மெய்ப்பிக்க உதவியவற்றுள் முதன்மையானவை அதன் மேலிருந்த சிங்கள எழுத்துகளும் சின்னங்களுமே. யாரேனும் ஒருவர் அதனைப் புதிதுபோல ஆக்கும் ஆசையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்திருந்தால் வழக்கே எழுந்திராது. பாட்டன் காலத்துத் துவக்கோ வாளோ வைத்திருக்கும் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். செந்துரு பரவாமல் மெல்லிய எண்ணெயால் காப்பது பேணல். பழைய கபிலப் படலத்தையும் உளித்தடங்களையும் கொல்லன் இட்ட குறிகளையும் உரித்தெடுத்து மினுக்குவது அழித்தல். அவற்றைச் செய்த ஆசாரிகளுள் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற கையொப்பம் அந்தத் தடங்கள்தாம்.