பெயரைச் சூழ்ந்த பிறைகள்: ஒரு வெறுப்புக் குறியின் தோற்றமும் மீட்பும்

முன்னுரை

வாய்விட்டுப் படிக்கும்போது அடைப்புக்குறியை யாரும் உச்சரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது. ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் (1466–1536) அதன் வளைவைக் கண்டு ‘குட்டி நிலா’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். தமிழிலும் அதற்குப் பிறை அடைப்பு என்றொரு பெயர் உண்டு. இந்தச் சாதுவான குறி 2014க்குப் பிறகு அமெரிக்க யூதர்களைக் குறிவைக்கும் கருவியானது. 2016இல் அவர்களாலேயே மீட்கப்பட்டது. ஒரு குறியின் பொருளை அதை இடும் கையே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒலி குறியானது

இணையத்தின் தொடக்கக்கால அரட்டை அறைகளில் ஒருவர் பெயரை அடுக்கடுக்கான அடைப்புக்குறிகளுக்குள் இட்டால் அவரை அன்போடு அணைத்துக்கொள்வதாகப் பொருள். 2014இல் அதே வடிவத்துக்கு நேர்மாறான பொருள் வந்து சேர்ந்தது. வெள்ளை இனவாதிகள் நடத்திய ‘தி டெய்லி ஷோவா’ என்ற வலையொலி, யூதப் பேரழிவைச் சுட்டும் எபிரேயச் சொல்லையே தலைப்பில் கேலியாக்கியது. அதில் யூதப் பெயர் வந்தால் எதிரொலி சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். யூதப் பெயர்கள் வரலாறு நெடுகிலும் எதிரொலிக்கின்றன என்பது அவர்கள் கற்பித்த விளக்கம். அந்த எதிரொலியை எழுத்தில் காட்டப் பெயரின் இருபுறமும் மும்மூன்று பிறைகளை இட்டார்கள்: (((பெயர்))).

இக்குறி மறைவாகப் பரவியதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அப்போது தேடுபொறிகளும் ட்விட்டரின் தேடல் வசதியும் நிறுத்தக்குறிகளைப் பொருட்படுத்தவில்லை. வசைச்சொல்லைத் தேடிப் பிடித்துப் புகார் செய்ய முடிந்தது; அடைப்புக்குறியை அப்படித் தேட இயலவில்லை. உள்வட்டத்தினருக்கு மட்டும் அது இலக்கைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த கட்டத்தில் இவ்வேலையை இயந்திரமே ஏற்றது. கூகுள் குரோம் உலாவிக்கென உருவான ‘கோயின்சிடென்ஸ் டிடெக்டர்’ என்ற நீட்சி, படிக்கும் பக்கத்தில் யூதர்களுடையவை எனப் பட்டியலிடப்பட்ட பெயர்களைத் தானாகவே அடைப்புக்குறிக்குள் இட்டது. சுமார் 2,500 பேர் அதைப் பதிவிறக்கியிருந்தனர். பெயர்ப்பட்டியல் தயாரித்து மனிதரை அடையாளமிடும் பழைய கொடுமையின் புதிய வடிவம் இது.

வெளிச்சமும் எதிர்வினையும்

2016 மே மாதம், டொனால்ட் டிரம்ப்பின் எழுச்சியில் பாசிசத்தைக் கண்டு எச்சரித்த ராபர்ட் காகனின் கட்டுரையை ‘தி நியூயார்க் டைம்ஸ்’ ஆசிரியர்களுள் ஒருவரான ஜொனாதன் வைஸ்மன் ட்விட்டரில் பகிர்ந்தார். முகம் காட்டாத ஒரு கணக்கு அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் இட்டு வணக்கம் சொன்னது. வைஸ்மன் விளக்கம் கேட்டார். தன் கூட்டத்தாருக்காகப் பூனைக்கு மணி கட்டுவதாகப் பதில் வந்தது. தொடர்ந்து வசைகளும் வதைமுகாம் படங்களும் குவிந்தன.

வைஸ்மன் இந்த அனுபவத்தை மே 26 அன்று எழுதினார். ஜூன் 1 அன்று ‘மிக்’ செய்தித்தளம் குறியின் பின்னணியை விரிவாக வெளியிட்டது. சில நாட்களில் கூகுள் அந்த நீட்சியை நீக்கியது. ஆன்டி டிஃபமேஷன் லீக் என்ற யூத உரிமை அமைப்பு இக்குறியைத் தன் வெறுப்புச் சின்னங்களின் தொகுப்பில் சேர்த்தது.

மீட்பும் அதே வாரத்தில் தொடங்கியது. ‘டாப்லெட்’ இதழின் யேர் ரோசன்பர்க், அடைப்புக்குறிகளைத் தாமாகவே அணியுமாறு ட்விட்டரில் அழைத்தார். ‘தி அட்லான்டிக்’ இதழின் ஜெஃப்ரி கோல்ட்பர்க் தம் பெயரை அவ்வாறே மாற்றினார். யூதர் பலர் பின்தொடர, யூதரல்லாதோரும் துணைநின்று தம் பெயர்களைப் பிறைகளுக்குள் இட்டனர். யார் யூதர் என்று பிரித்துக்காட்டவே பயன்பட்ட குறி, எல்லோரும் அணிந்ததும் எவரையும் பிரித்துக்காட்ட முடியாமல் போயிற்று. யூத வெறுப்பாளர் சிலர், தாம் யூதரல்லர் என்று காட்ட அடைப்புக்குறிகளைத் திருப்பிப்போட்டு )))பெயர்((( என எழுதத் தொடங்கினர். பிறரை அடையாளமிட வந்தவர்கள் தம்மையே அடையாளமிட்டுக்கொள்ள நேர்ந்தது. 2018இல் வைஸ்மன், அமெரிக்க யூத வாழ்வு பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே இக்குறியைப் பொறித்தார்.

முன்னோடிகள்

இத்தகைய மீட்புக்கு இருவேறு முன்னுதாரணங்கள் உள்ளன. 1933 ஏப்ரல் 1 அன்று நாஜிகள் யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் செய்து அவற்றில் அடையாளமிட்டபோது, இதழாளர் ராபர்ட் வெல்ட்ஷ் மஞ்சள் அடையாளத்தைப் பெருமையோடு அணியுமாறு தம் இதழில் எழுதினார். 1941 செப்டம்பரில் ஜெர்மன் அரசே மஞ்சள் நட்சத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அது கொலைக்களத்துக்கு இட்டுச்சென்றது. மாறாக, நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் உடையில் தைக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணத்தை, 1970களில் உரிமை இயக்கங்கள் தம் சின்னமாக ஏற்றன. 1987இல் நியூயார்க் எய்ட்ஸ் போராட்டச் சுவரொட்டி அதை மேல்நோக்கி நிமிர்த்தி நிறுத்தியது.

முதலாவதில் குறியை இடும் அதிகாரம் அரசிடமே இருந்தது. அணிவோரின் பெருமிதத்தால் அதை வெல்ல முடியவில்லை. இரண்டாவதில் அந்த அரசு வீழ்ந்துவிட்டது. அணிவதும் விடுவதும் அணிவோரின் விருப்பம். 2016இல் யூதர்கள் பிறைகளைக் கையிலெடுக்க முடிந்ததும் இத்தகைய சுதந்திரம் இருந்ததால்தான்.

முடிவுரை

மீட்பு, வெறுப்பை ஒழித்துவிடவில்லை. அதே மூன்று பிறைகள் இன்றும் ஒருவர் கையில் வசையாகவும் இன்னொருவர் கையில் நிமிர்வாகவும் இருக்கின்றன. எனவே குறியை மட்டும் கண்டு தடைசெய்யும் எந்த விதியும் வெறுப்போரையும் வெறுக்கப்பட்டோரையும் ஒன்றாகவே தண்டிக்கும். யார் இட்டது, யார் பெயரின்மேல் இட்டது என்று பார்த்தே பொருள்கொள்ள வேண்டும். துணைநின்ற யூதரல்லாதோர் தம் பெயரைச் சூழ இட்ட பிறைகளில், அரட்டை அறைகளின் பழைய அணைப்பு ஓரளவேனும் திரும்பிவந்தது.