ஏணைத் துணியும் ஆயாக் கொட்டகையும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து மேரு, காப்பார் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவப் பெண்களும் போனார்கள். விடியுமுன்னே பெரட்டு, அதாவது வேலையாட்களைக் கூட்டிப் பெயர் அழைப்பது. அதற்குள் கைப்பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். அப்படி ஒப்படைத்த இடம் ஆயாக் கொட்டகை. மரம் சீவும் வயதைக் கடந்த கிழவிகளே பெரும்பாலும் ஆயாக்கள்.

கொட்டகை முதலாளியின் கருணையால் மட்டும் வந்ததல்ல. சிலாங்கூரை உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளியோடு பிள்ளைக் காப்பகமும் அந்தக் காலத் தொழிலாளர் சட்டங்களின் அக்கறைக்குள் வந்தது. தாய் வேலைக்கு வந்தால்தான் பால் வாளி நிறையும் என்பது தோட்டத் துரைகளுக்கும் தெரிந்ததே.

கொட்டகையின் முதல் கருவி ஏணை. பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலையோ கைலியோ உத்திரத்திலிருந்து தொங்கும். மலாய்க்காரர் வீட்டு ‘புவாயான்’ போலக் கயிற்றுக்குப் பதிலாகச் சுருள்கம்பி மாட்டும் பழக்கம் பின்னர் தமிழ் வீடுகளிலும் பரவியது. கயிற்று ஏணை பக்கவாட்டில் ஆடும்; சுருள்கம்பி ஏணை மேலும் கீழுமாகத் துள்ளும். இரண்டிலும் துணி பிள்ளையின் முதுகையும் கைகால்களையும் நாலாபுறமும் அணைத்துக்கொள்ளும்; வெளிச்சத்தை மறைக்கும்; தாயின் சேலையாக இருந்தால் அவள் வாசனையும் கூடவே இருக்கும். ஒரே தாளத்தில் ஆட்டமும் தாலாட்டும் சேர்ந்தால் வீறிட்டு அழும் பிள்ளையும் அடங்கிவிடும்.

ஏன் அடங்குகிறது என்பதை விளக்கும் சொற்கள் வேறொரு நாட்டில் பிறந்தன. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் ஜீன் அயர்ஸ், புலன்களை ஒருங்கிணைப்பது பற்றிய தம் நூலை 1972இல் வெளியிட்டார். கண், காது, தோல் ஆகியவற்றோடு, உள்காதின் சமநிலைப் புலனும் தசை மூட்டுகளின் உணர்வும் சேர்ந்துதான் பிள்ளை தன் உடலையும் சூழலையும் அறிகிறது என்றார் அவர். சில பிள்ளைகளுக்கு மின்விசிறிச் சத்தமே தாங்காது. சிலர் ஓயாமல் சுற்றிச் சுழல்வார்கள். ஆட்டிசத்தை வரையறுக்கும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, இத்தகைய புலன் மிகை, குறை எதிர்வினைகளை அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் அயர்ஸ் வழிச் சிகிச்சைக்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012இல் எச்சரித்தது. ஆயாக்கள் சிகிச்சை செய்தார்கள் என்று சொல்வதும் மிகைதான். பல பிள்ளைகளுக்கு ஒருத்தியாக இருந்தவளுக்கு அழுகை நின்றால் போதும்.

தோட்டங்கள் பின்னர் நகராயின. நோர்த் ஹம்மொக் தோட்டம் செத்தியா ஆலம் நகரானது. புக்கிட் ராஜாவில் வீடமைப்பும் தொழிற்சாலையும் எழுந்தன. மேருவின் தாய்மார்கள் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைக் காப்பகங்களுக்கென 1984இல் தனிச்சட்டம் வந்தது. நாசோம் எனப்படும் மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கத்தை 1986இல் பெற்றோரும் நிபுணர்களும் கூடித் தொடங்கினார்கள். அதன் தலைமையகம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டி இருக்கிறது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியிலும் பொது இடங்களிலும் அவர்களுக்குள்ள உரிமையை எழுத்தில் வைத்தது.

இன்றைய புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை அறைகளின் கூரைக் கொக்கியிலும் துணி தொங்குகிறது. சேலைக்குப் பதில் இழுபடும் லைக்ரா. பிள்ளை தானே ஏறி, தானே இறங்கும். முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ தெரப்பிஸ்டுகள் ஆட்டத்தை உடனே நிறுத்துவார்கள். பள்ளியில் சத்தம் மிகும்போது ஒதுங்க ஒரு மூலை, காதை மூட ஹெட்போன், மடியில் வைக்க எடையுள்ள தலையணை என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்லித் தருவார்கள். வீட்டிலே மோட்டார் பொருத்திய சுருள்கம்பி ஏணை தானே ஆடுகிறது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை, ஏனெனில் துணி முகத்தை மூடினால் கைப்பிள்ளைக்கு மூச்சு முட்டும்.