ஈரச் சுவருக்கு யார் பொறுப்பு?

குளியலறையில் பூஞ்சை படர்ந்தால் குடியிருப்பவரின் பழக்கத்தைக் குறைசொல்வது இங்கிலாந்தில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அதற்குச் சட்டமும் இடங்கொடுத்தது. உழைக்கும் மக்களின் வாடகை வீடு வாழத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்று 1885-லேயே விதி வந்தது. ஆனால், அது பொருந்துவதற்கான வாடகை உச்சவரம்பு 1957-க்குப் பின் உயர்த்தப்படாததால் விதி ஏட்டளவில் நின்றது. எஞ்சியது உரிமையாளரின் பழுதுபார்க்கும் கடமை மட்டுமே. வேல்ஸின் டாஃப் எலி நகராட்சி வழக்கில், உலோகச் சன்னல்களில் நீர் கோத்து வீடே ஈரமானது. ஆயினும் கட்டுமானம் சேதமடையவில்லை, எனவே இது பழுதல்ல என்று 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டின் அமைப்பிலேயே இருந்த குறைக்கு உரிமையாளர் பொறுப்பாகாமல் தப்பினார்.

நீராவியை உண்டாக்குபவர் குடியிருப்பவர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், சன்னலைத் திறப்பதும் கசிவைத் தெரிவிப்பதும் அவர் கடமை. ஆனால் குளிப்பதும் சமைப்பதும் துணி உலர்த்துவதும் அன்றாட வாழ்க்கை; அதைத் தாங்காத வீட்டை வாழத் தகுந்தது என்று எப்படிச் சொல்வது? 2018-ன் சட்டம் வாடகை வரம்பை நீக்கி அந்தத் தகுதி விதிக்கு உயிரூட்டியது. ராச்டேலில் பூஞ்சை படிந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் 2020-ல் இறந்ததையடுத்து, அவன் பெயரால் வழங்கும் சட்டம் ஈரத்தையும் பூஞ்சையையும் சரிசெய்யச் சமூகக் குடியிருப்பு உரிமையாளர்களுக்குக் காலக்கெடு விதித்தது. பழக்கத்தைக் குறைசொல்லும் முன் கட்டடத்தைச் சோதிப்பதே முறை.