பச்சைக்குள்ளே எத்தனை நிறம்?

இலை என்ன நிறம்னு கேட்டா எல்.கே.ஜி. பையன்கூட பச்சைன்னு சொல்லிடுவான். ஆனா அந்தப் பச்சை ஒரே நிறம் இல்லை, ஒரு கூட்டணி. அதைப் பிரிச்சுக் காட்டின மனுஷனைப் பத்திதான் இந்தப் பதிவு. பத்தாங்கிளாஸ் பயாலஜி வாசனை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கோங்க மக்களே :-)

அவர் பேரு மிகயில் ஸ்வெட். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்'னா நிறம்னு அர்த்தம். பேர்ப்பொருத்தம்னா இதுதான்! 1872-ல் இத்தாலியில் பிறந்து, ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்து, 1896-ல் ஜெனீவாவில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்பாவோட ஊரான ரஷ்யாவுக்குப் போனா, வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லாதுன்னுட்டாங்க. மறுபடியும் முதல்லேருந்து! 1901-ல் முதுகலை, 1910-ல் இன்னொரு டாக்டர் பட்டம். ஒரு அரியருக்கே புலம்பின நம்ம இன்ஜினியரிங் மக்கள் இதைக் கவனிக்கணும்.

பச்சையத்தில் ரெண்டு வகை இருக்கு, கூடவே மஞ்சள் நிறமிகளும் இருக்குன்னு 1864-லேயே ஸ்டோக்ஸ் சொல்லியிருந்தார். ஆனா அதையெல்லாம் சுத்தமா தனித்தனியா பிரிக்கிறதுதான் பெரும்பாடு. ஸ்வெட் செஞ்சது ரொம்ப சிம்பிள். ஒரு கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை இறுக்கி அடைச்சார். இலைச்சாற்றை மேலே ஊத்தி, அதுக்குமேல கரைப்பானை விட்டார். ஒவ்வொரு நிறமியும் தூளோடு ஒட்டுற அளவு வேற வேற. அதனால ஒண்ணு வேகமா இறங்குச்சு, இன்னொண்ணு மெதுவா. குழாய் முழுக்க பச்சையும் மஞ்சளுமா பட்டை பட்டையா நிறங்கள்! 1903-ல் வார்சாவில் இதைப் பத்திப் பேசினார். 1906-ல் 'குரோமட்டோகிராஃபி'ன்னு பேரும் வெச்சார்.

வேதியியல்காரங்க நம்பலை. அவங்களுக்கு ஒரு பொருள்னா கிலோ கணக்கில் எடுத்து, சுத்தம் பண்ணி, கையில் காட்டணும். அந்தத் துறையோட ஜாம்பவான் வில்ஸ்டேட்டர், தூள்மேல ஒட்டும்போது நிறமியே மாறிடும்னு சந்தேகப்பட்டார். கூத்து என்னன்னா, அவரோட ஆராய்ச்சியும் கடைசியில் அதே ரெண்டு பச்சைக்குத்தான் வந்து சேர்ந்தது. 1915 நோபல் அவருக்கு. அதே வருஷம் ஜெர்மன் படை நெருங்கினதால ஸ்வெட் வார்சாவை விட்டு ஓட வேண்டியதாச்சு. 1919-ல் வரோனெஷ் நகரத்தில் 47 வயசில் போய்ச் சேர்ந்தார்.

சரி, இத்தனை நிறமி எதுக்கு? குளோரோஃபில் ஏ நீலத்தையும் சிவப்பையும் பிடிக்கும், பச்சையை அதிகம் பிடிக்காது. குளோரோஃபில் பி-யும் கரோட்டினாய்டுகளும் அது விட்ட ஒளியில் கொஞ்சத்தைப் பிடிச்சுக் கொடுக்கும். ஓட்டுக்கூரை முழுக்க விழுற மழை ஒரே தொட்டிக்குப் போய்ச் சேருற மாதிரி, இதெல்லாம் பிடிச்ச ஆற்றல் ஒரு மையத்துக்குப் போகும். 1932-ல் எமர்சனும் அர்னால்டும் கணக்குப் போட்டப்போ, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்குச் சுமார் 2,500 குளோரோஃபில்னு வந்தது. கூரை அவ்ளோ பெருசு!

1931-ல் ஹைடல்பெர்க் நகரத்தில் ரிச்சர்ட் கூனோட குழு ஸ்வெட்டோட குழாயைத் தூசு தட்டி எடுத்தது. கூன் யாருன்னு நினைக்கிறீங்க? வில்ஸ்டேட்டரோட மாணவர்! கரோட்டினாய்டு, விட்டமின் ஆராய்ச்சிக்காக அவருக்கு 1938 நோபல். இன்னிக்கு ஊக்கமருந்து சோதனையிலேருந்து காய்கறியில் பூச்சிமருந்து பார்க்குறது வரைக்கும் அந்த முறையோட வாரிசுகள்தான்.

வில்ஸ்டேட்டரை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. சந்தேகப்படுறது விஞ்ஞானி வேலை. ஆனா குழாயில் தூளை அடைச்சு ஒருதடவை பொறுமையா செஞ்சு பார்க்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? அதுக்கு உலகம் எடுத்துக்கிட்டது கால் நூற்றாண்டு.

அடுத்த தடவை யாராவது 'இதெல்லாம் வேலைக்காவாது'ன்னு சொன்னா, ஓடவிட்டுப் பார்த்தியான்னு மட்டும் கேளுங்க.