ரப்பர் காட்டில் புழங்கும் அபூர்வ ஆங்கிலச் சொற்கள்

கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் இருக்கிறது. அங்கே பால்வெட்டும் குடும்பத்துப் பிள்ளைகள் அன்றாடம் கண்ணால் பார்க்கும் பொருளுக்கே, பாடப்புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர்கள் வருகின்றன. சிலவற்றைப் பார்ப்போம்.

ரப்பருக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'கவுச்சுக்'. எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கவோட்சோக்' என்று வரும், அது தவறு. தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் ஸ்பானிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக வந்தது. 'ரப்பர்' என்ற பெயரோ பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிப்பதால் வந்தது. இந்தப் பயனை 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார்.

'லடிசிஃபர்' என்பது பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழல். 'டி'யை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குழல்கள் நேராக நிற்பதில்லை. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால் அதிகக் குழல்கள் அறுபடும். குழல்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும் விடியற்காலையில் வெட்டுவதும் பால் நன்றாக வரத்தான். எழுத்தறியாத பால்வெட்டுக்காரருக்கும் இது கைப்பழக்கம்.

ஆசிட் விட்டுப் பால் உறைந்தால் 'கோஆகியுலம்'. இங்கே 'ஆ'வில் அழுத்தம். 'வல்கனைஸ்' என்பது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்குவது. ரோமானியரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயர் அதில் இருக்கிறது.

வெட்டுவாயில் காய்ந்து நாடாபோல் உரிந்துவரும் ஒட்டுப்பாலுக்கு ஆங்கிலத்தில் 'ட்ரீ லேஸ்' என்று பெயர். ஷூ லேஸில் வரும் அதே லேஸ்தான்.