காவல் செல்கள் இருந்தும் குடல் ஏன் புண்ணாகிறது? கிரோன்ஸ் நோயும் 'டி-ரெக்' செல்களும்

2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டபோது, 'டி-ரெக்' என்ற பெயர் செய்திகளில் அடிபட்டது. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள் இவை. எதிர்ப்பு சக்தியைக் கூட்டத்தானே எல்லோரும் பாடுபடுகிறோம், அதை அடக்க ஏன் ஆள் வேண்டும்? குடலைப் பார்த்தால் புரியும்.

குடல் வழியே போகும் சாப்பாடு உடலுக்கு அந்நியப் பொருள்தான். அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களோ லட்சம் கோடிகளில். இவற்றுக்கும் உடலின் உட்பகுதிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் தடிமன் கொண்ட படலம். அதற்குக் கீழே சண்டைக்குத் தயாராக நிற்கும் டி செல்களை 'சும்மா இரு' என்று அடக்கி வைப்பதுதான் டி-ரெக் செல்களின் வேலை. இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற ரசாயன சமிக்ஞைகள் மூலம் இதைச் செய்கின்றன.

இந்தச் செல்களை 1995-ல் அடையாளம் காட்டியவர் சகாகுச்சி. 2001-ல் பிரன்கோவும் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். டி-ரெக் செல்கள் உருவாக அதுதான் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது. அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்கு 'ஐபெக்ஸ்' என்ற அரிய நோய் வருகிறது. பிறந்த சில மாதங்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு, டைப் 1 சர்க்கரை நோய், தோல் அழற்சி எல்லாம் தொடங்கிவிடும்.

அப்போ ஐ.பி.டி. என்பது டி-ரெக் பற்றாக்குறையா?

ஐ.பி.டி. எனப்படும் குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு: கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். (பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் ஐ.பி.எஸ். வேறு. அதில் குடலில் புண் வராது.) இந்த நோயாளிகளுக்கு டி-ரெக் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் புண்ணான குடலில் இருந்து எடுத்த திசுவில் அவை ஆரோக்கியமானவர்களைவிட அதிகமாகவே இருந்தன. ஆய்வகத்தில் சோதித்தபோது வேலையும் செய்தன. சிக்கலின் பெரும்பகுதி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: சண்டை போடும் செல்கள் பேச்சைக் கேட்பதில்லை. அவற்றுக்குள் எஸ்மேட்7 என்ற புரதம் அதிகமாகி, டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது.

அந்தப் புரதத்தை முடக்க வந்த மாத்திரை மோங்கர்சன். 2015-ல் வெளியான ஆய்வு முடிவுகள் பெரிய நம்பிக்கை தந்தன. 2017-ல் மூன்றாம் கட்டப் பரிசோதனை பலன் இல்லை என்று நிறுத்தப்பட்டது. இன்டர்லூகின்-10-ஐ ஊசியாகவே போட்டுப் பார்த்ததும் எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. நோயாளியின் சொந்த டி-ரெக் செல்களை வெளியே வளர்த்துத் திரும்பச் செலுத்தும் முறை, 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 கிரோன்ஸ் நோயாளிகளிடம் முயன்று பார்க்கப்பட்டது. இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆகவே இன்றைய சிகிச்சை பெரும்பாலும் சண்டைக்காரர்களைக் கட்டுப்படுத்துவதுதான்: ஸ்டீராய்டு, அசதையோப்ரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை.

இந்தியாவில் கூடுதல் சிக்கல்

குடல் காசநோயும் கிரோன்ஸும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். வயிற்று வலி, எடை குறைவு, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண், பயாப்ஸியில்கூட ஒரே மாதிரி தோற்றம். காசநோயை கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். கிரோன்ஸுக்கு காசநோய் மாத்திரை கொடுத்தால் மாதங்கள் வீணாகி, குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். தெளிவாகத் தெரியாதபோது, பல டாக்டர்கள் முதலில் காசநோய் மருந்து கொடுத்துவிட்டு, சில மாதங்களில் புண் ஆறுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இங்குதான் டி-ரெக் உதவக்கூடும். ரத்தத்தில் ஃபாக்ஸ்பி3 கொண்ட டி-ரெக் செல்களின் விகிதம் கிரோன்ஸைவிட குடல் காசநோயில் அதிகம் என்று டெல்லி எய்ம்ஸ் குழு 2018-ல் தெரிவித்தது. ஆனால் நம் ஊர் லேப்களில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையாக இது இன்னும் மாறவில்லை.

அதுவரை கவனிக்க வேண்டியது: நான்கு வாரம் தாண்டியும் நிற்காத வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது. இதில் ஏதாவது இருந்தால் குடல் மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்த்தாலே அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்ஃப்ளிக்சிமாப் தொடங்கச் சொன்னால், உடலில் உறங்கும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று முதலில் பரிசோதிப்பார்கள். அந்த மருந்து அதை எழுப்பிவிடக்கூடும்.