குழாயும் உரிமமும்

தோபி தலாவ் என்ற பெயரை மும்பைவாழ் தமிழர் அடிக்கடி சொல்லுகின்றனர். தலாவ் என்றால் குளம். இன்று அங்கே குளம் ஏதும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் அந்நகரம் இத்தகைய குளங்களையும் கிணறுகளையும் நம்பியே வாழ்ந்தது. 1860-இல் விஹார் ஏரியின் நீர் குழாய் வழியே வந்தது. 1879-இல் துளசி ஏரியும், 1892-இல் தான்சாவும் அதனோடு சேர்ந்தன.

கிணறு கெட்டால், கேடு பெரும்பாலும் அதில் நீர் மொள்வோரோடு நின்றுவிடும். குழாயின் இயல்பு வேறு. நாளில் சில மணி நேரமே நீர் விடும் நகரில், மற்ற வேளைகளில் குழாய் வெறுமையாய்க் கிடக்கும். அப்பொழுது அதனுள் அழுத்தம் குறையும். சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் ஒரு பூட்டு நெகிழ்ந்திருந்தால், வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுபடும். மறுநாள் நீர் திறந்ததும் அது எந்த வீட்டுக் குடத்தில் விழும் என்று எவரால் சொல்ல முடியும்? ஒருவர் வீட்டுப் பழுது அடுத்த தெருவின் நோயாகிவிடுகிறது.

ஆகவே, குழாய் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட இயலாது. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் பிளம்பர்களுக்கு லைசென்ஸ் வழங்க வழிசெய்தது. பொதுக் குழாயினின்று வீட்டுக்கு நீர் கொணரும் பணியை அவர்களிடமே ஒப்படைத்தது. பிளம்பர் என்ற சொல் ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று பிறந்தது. பழைய ரோமாபுரியின் குழாய்கள் ஈயத்தால் ஆனவை அல்லவா?

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நாம் லைசென்ஸ் என்பதற்கு 'உரிமம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அச்சொல்லில் உரிமை ஒலிக்கிறது. இங்கோ அது பொறுப்பு ஏற்றதற்கான சீட்டு. வேலை கெட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு விடை. சொல் பொருந்தவில்லை என்று பலமுறை எண்ணியும், அதனை மாற்ற நமக்குத் துணிவு வந்ததில்லை.

பொறுப்புச் சீட்டாகப் பிறந்தது நாளடைவில் வாயிற்கதவும் ஆயிற்று. இணைப்புக் கேட்பவர் குடியிருப்புச் சான்று காட்டவேண்டும். தகுதி பெற்ற பிளம்பரையும் தேடவேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியில் குடியேறியோரின் வழித்தோன்றல்களுக்கு இவ்வலைச்சலை விளக்க வேண்டியதில்லை. குடிசைப் பகுதிகளில் சில குடும்பங்கள் கூடி ஒரே இணைப்புக்கு விண்ணப்பிப்பது வழக்கம். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கோ அக்கதவே திறக்கவில்லை. சீட்டுக் கிடைக்காதவர் தாகத்தை அடக்கிக்கொண்டா இருப்பர்? தண்ணீரை விலைக்கு வாங்குவர். அல்லது எவரையேனும் கொண்டு இரவில் குழாயைத் துளைப்பர். 1888-இல் எந்த நெகிழ்ந்த பூட்டுக்கு அஞ்சினார்களோ, அதனை இந்தத் தடையே பெருக்கிற்று என்பது நம் கருத்து.

2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், குடியிருப்பு சட்டவிரோதமானது என்ற காரணத்தால் குடிநீரை முற்றிலும் மறுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. நீர் பெறுவதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ் உரிமையின் ஒரு பகுதியாகக் கொண்டது. அனைவருக்கும் குடிநீர் என்னும் கொள்கையை மாநகராட்சி நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2022-இல்தான். தீர்ப்புக்கும் அதற்கும் இடையே ஏழு கோடைகள் கழிந்திருந்தன.